மரம் போனது, குற்றி போகவில்லை



"எங்கள் வளவில் நின்ற வேப்ப மரத்தைத் தறித்து இரண்டு வருடங்களாகின்றன. தறித்தவர்கள் அரை நாளில் வேலையை முடித்து, கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடிக்குற்றி மட்டும் அப்படியே நிற்கிறது. மாரி வந்தால் துளிர்க்கிறது. வெட்டினால் மறுபடியும் துளிர்க்கிறது. சென்ற மாதம் என் இளைய மகன் அதில் தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கும்படி ஒருவர் சொல்கிறார். உப்பைக் கொட்டும்படி இன்னொருவர் சொல்கிறார். பழைய பட்டரி அசிட்டை ஊற்றினால் ஒரு மாதத்தில் பொடியாகிவிடும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். நான் எதைச் செய்வது?"

கிழக்கிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. சிரிப்பு வந்ததற்குக் காரணம், இந்த மூன்று ஆலோசனைகளையும் எங்கள் வீட்டிலும் ஆளுக்கொருவராகச் சொல்லியிருந்தார்கள். கவலை வந்ததற்குக் காரணம், அந்த மூன்றில் எதைச் செய்தாலும் குற்றியை விடப் பெரிய தொல்லையொன்றை அந்தச் சகோதரி விலைக்கு வாங்கிக்கொள்வார்.

எனவே இம்மாதம் மரக்குற்றியைப் பற்றியே கதைப்போம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வளவில் ஒரு மரமாவது இல்லாத வீடு நம்மிடையே குறைவு. இன்றில்லாவிட்டாலும் என்றோ ஒருநாள் இந்தக் கேள்வி உங்கள் வாசலுக்கும் வரும்.

எங்கள் வீட்டு மாமரம்

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புப் பகுதியைச் சூறாவளி தாக்கியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வளவில் நின்ற தென்னைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த வருடம் வாப்பா குசினிக்குப் பின்னால் ஒரு மாங்கன்றை நட்டார். நாற்பது வருடங்களுக்கும் மேலாக அந்த மரம் எங்களுக்கு நிழலும் காயும் தந்தது. வாப்பா மௌத்தான பின்னர் உம்மா அதன் கீழேதான் பின்னேரங்களில் பாயை விரித்துக்கொண்டு இருப்பார்.

கடைசியில் மரத்தின் நடுவில் பொந்து விழுந்தது. குசினிக் கூரைக்கு மேல் நீண்டிருந்த கிளையொன்று காற்றில்லாத ஒரு பகலில் முறிந்து விழுந்தது. இனியும் வைத்திருப்பது ஆபத்து என்று கண்டோம். அதோடு, என் இரண்டாவது மகளுக்கு வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகள் கட்ட வேண்டியிருந்தது. குமர் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உம்மா சம்மதித்தார். ஆனால் தறிக்கிற நாளில் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லி, என் ராத்தா வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் விட்ட பிழை அன்றுதான் நடந்தது. மரம் தறிக்க வந்தவர் இயந்திர வாளைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த உயரத்தில் வெட்டட்டும்?" என்று கேட்டார். "அடியோடு வெட்டுங்கள், கண்ணுக்குத் தெரியக் கூடாது" என்றேன். நிலத்திலிருந்து அரையடி கூட விடாமல் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்கு நான் கொடுத்த விலையைப் பின்னால்தான் அறிந்தேன்.

குற்றியைத் தோண்டி எடுப்பதாயின் நாலைந்து அடி உயரத்துக்கு மரத்தை விட்டு வெட்ட வேண்டும். அந்த உயரம்தான் நெம்புகோல். நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் கயிற்றைக் கட்டி இழுப்பதற்கும் ஐந்து அடி உயரத்தில் கட்டி இழுப்பதற்கும் இடையில், அதே ஆட்கள் அதே பலத்துடன் இழுத்தாலும், மரத்தைச் சாய்க்கும் விசை ஐந்து மடங்கு வித்தியாசப்படும். வேர்களை வெட்டிய பின்னர் அந்த உயரத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால், எஞ்சிய வேர் எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நான் அந்தக் கைப்பிடியை என் வாயாலேயே வெட்டச் சொல்லிவிட்டேன்.

ஆகவே, மரம் தறிக்கும் முன்னரே குற்றியைப் பற்றி யோசியுங்கள். இந்தப் பக்கத்தில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூலி பேசும்போதே, "குற்றியையும் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். மரம் விழுந்த பின்னர் பேசும் கூலி எப்போதும் கூடத்தான்.

மூடி மறைத்த குற்றி

"அவ்வளவு கஷ்டப்படுவானேன்? நிலத்தோடு வெட்டியாகிவிட்டது, மேலே மண்ணைப் போட்டு அத்திவாரம் எழுப்பிவிடலாமே" என்று தம்பி சொன்னார். என் ராத்தா வீட்டில் நடந்ததை அவருக்கு நினைவூட்டினேன்.

ராத்தாவின் வீட்டு முன்னறை கட்டப்படும்போது அந்த இடத்தில் ஒரு வாகை மரத்தின் குற்றி இருந்தது. அதற்கு மேல் மணலைப் பரப்பி, சீமெந்து நிலம் போட்டுவிட்டார்கள். ஐந்து வருடங்கள் ஒரு குறையும் இல்லை. ஆறாவது மாரியில் நிலத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு வந்தது. அடுத்த வருடம் அந்த வெடிப்பினூடாகக் கறையான் மேலே வந்து கதவு நிலையை உள்ளே தின்று முடித்தது. வெளியில் பெயின்ற் மட்டும் நின்றது. விரலால் தட்டியபோது நிலை உள்ளே போனது. நிலத்தை உடைத்துப் பார்த்தபோது, குற்றி இருந்த இடத்தில் ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய அளவு பொந்து இருந்தது.

காரணம் எளிதானது. மண்ணுக்குள் இருக்கும் மரம் உக்கும். உக்கிய மரம் இடத்தை விட்டுப் போகும். அந்த வெற்றிடத்துக்கு மேல் நிற்கும் நிலமும் சுவரும் என்றோ ஒருநாள் அமரும். அதுவரையில் கறையானுக்கு அது பல வருடச் சாப்பாடு. அந்தச் சாப்பாடு தீர்ந்ததும், அது பக்கத்தில் இருக்கும் நிலையையும் சன்னலையும் கூரைச் சலாகையையும் தேடி வரும்.

குற்றி இருக்கும் இடத்தில் கட்டடம் வருவதாயின், அதை எடுத்தே தீர வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க முடியாது.

முதலில் மூன்று கேள்விகள்

எல்லாக் குற்றியையும் தோண்டத் தேவையில்லை. அலவாங்கைத் தூக்கும் முன்னர் உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, அந்த இடத்தில் என்ன வரப்போகிறது? கட்டடமோ, மதிலோ, வாகனம் வரும் பாதையோ வருவதாயின் எடுக்க வேண்டும். ஒன்றும் வரப்போவதில்லையென்றால், நிலமட்டத்துக்குக் கீழே வெட்டி உக்க விடலாம்.

இரண்டாவது, பக்கத்தில் என்ன இருக்கிறது? கிணறு, வீட்டு அத்திவாரம், மலசலகூடக் குழி, தண்ணீர்க் குழாய், நிலத்தடி மின்கம்பி ஆகியவற்றில் ஏதேனும் அருகிலிருந்தால், இழுத்தெடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அத்திவாரத்துக்குக் கீழே போயிருக்கும் வேரை வெளியே இழுத்தால் அது நிலத்தையும் கிளப்பிக்கொண்டு வரும். அத்தகைய வேரைச் சுவருக்கு இப்பாலே வெட்டி, அப்பால் இருப்பதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது, அது என்ன மரம்? பலர் இதை யோசிப்பதேயில்லை. தென்னைக்கும் மாவுக்கும் வேரின் குணமே வேறு.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடிக் கிழங்கிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள் விரல் பருமனில் நாலா பக்கமும் ஓடும். அவை எவ்வளவு வயதானாலும் பருப்பதில்லை. ஆகவே சுற்றிவர அகழி போல் தோண்டி, கூரான மண்வெட்டியாலும் கோடரியாலும் அவற்றை அறுத்துவிட்டால் கிழங்கு தனியே கழன்று வரும். தென்னைக்கு உச்சியில் உள்ள ஒரே குருத்துத்தான் உயிர். அது போய்விட்டால் குற்றி ஒருபோதும் துளிர்க்காது. எனவே அதைச் சாகடிக்க எந்த மருந்தும் தேவையில்லை.

ஆனால் தென்னங்குற்றியை அப்படியே உக்க விடுவதில் ஓர் ஆபத்து உண்டு. காண்டாமிருக வண்டு என்று சொல்லப்படும் கருவண்டு உக்கிய தென்னங்குற்றியில்தான் முட்டையிடும். அதனுள் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் வளர்ந்து, வண்டாகி, பக்கத்தில் நிற்கும் உயிருள்ள தென்னையின் குருத்தைத் துளைக்கும். ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல் இருந்தால், அது இந்த வண்டின் வேலைதான். உங்கள் வளவிலோ பக்கத்து வளவிலோ தென்னைகள் இருந்தால், செத்த தென்னையின் குற்றியைத் தோண்டிப் பிளந்துவிடுங்கள். புழுக்கள் வெளிவந்தால் கோழிகளுக்கு அன்று பெருநாள்தான்.

மா, பலா, வேம்பு, புளி போன்றவற்றின் கதை வேறு. இவற்றின் வேர்கள் வருடாவருடம் பருக்கும். ஆணிவேர் ஆழத்துக்குப் போகும். வேம்பு, பூவரசு, முருங்கை, கிளிசிரியா போன்றவை குற்றியிலிருந்து விடாமல் துளிர்க்கும். வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தைக் கொண்டுதான் அவை அப்படித் துளிர்க்கின்றன. இலை விரிந்து வெயிலைக் கண்டால் அந்தச் சேமிப்பு மறுபடியும் நிரம்பிவிடும். எனவே துளிர் விரலளவு வரும்போதே கிள்ளிவிட வேண்டும். வருமானம் இல்லாமல் செலவு மட்டும் இருக்கும் வீடு எத்தனை நாளைக்குத் தாங்கும்? மரமும் அப்படித்தான்.

ஊற்றக் கூடாதவை

இனி, சகோதரிக்குச் சொல்லப்பட்ட மூன்று ஆலோசனைகளுக்கு வருவோம்.

உப்பு: நாம் மீனுக்கு உப்புப் போடுவது எதற்காக? அழுகாமல் கருவாடாக இருப்பதற்காக. அவ்வாறாயின் குற்றிக்கு உப்பைப் போட்டால் அது எப்படி விரைவில் உக்கும்? உப்பு சுற்றியுள்ள செடிகளைத்தான் கொல்லும், மண்ணைக் கெடுக்கும். எங்கள் கரையோர ஊர்களின் மணல் நிலத்தில் கிணற்று நீர் சில அடி ஆழத்திலேயே இருக்கிறது. மேலே ஊற்றுவதும் கொட்டுவதும் மணலினூடாக இறங்கி அந்த நீரில்தான் போய்ச் சேரும்.

பட்டரி அசிட்: அது கந்தக அமிலம். பழைய பட்டரியின் அமிலத்தில் ஈயமும் கலந்திருக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. அதை மண்ணில் ஊற்றினால் மழையோடு போய்விடாது, அங்கேயே தங்கும். வாகனங்களின் கழிவு ஒயிலும் இப்படித்தான். குற்றி போகாது, கிணறுதான் போகும்.

மண்ணெண்ணெயும் நெருப்பும்: பச்சைக் குற்றியில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஊற்றிய எண்ணெய் எரிந்து முடியும், குற்றி மேலே கருகி நிற்கும். கருகிய மரம் உக்குவதற்கு இன்னும் நாளெடுக்கும். காய்ந்த குற்றியாயின் வேறோர் ஆபத்து. மேலே சாம்பல், கீழே தணல். வேர் வழியாக நெருப்பு மண்ணுக்கடியில் நாட்கணக்கில் புகைந்துகொண்டு போகும். அணைந்துவிட்டது என்று நினைத்துக் குழந்தையொன்று அதன்மேல் காலை வைத்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாய் அந்த வழியில் இருந்தால் அதுவும் உருகிவிடும். வீடுகள் நெருங்கியிருக்கும் எங்கள் ஊர்களில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கயிறு அறுந்த நாள்

நாலாவதாக ஒரு வழியையும் சொல்வார்கள்: உழவு இயந்திரத்தில் கட்டி இழுப்பது. அதையும் நாங்கள் செய்து பார்த்தோம்.

தம்பியின் கூட்டாளியொருவர் உழவு இயந்திரத்தோடு வந்தார். நான் மரத்தை அடியோடு வெட்டச் சொல்லியிருந்தபடியால் கயிறு கட்டுவதற்கே இடமிருக்கவில்லை. பக்க வேரொன்றைச் சுற்றி, தோணி கட்டும் நைலோன் கயிற்றைக் கட்டினார்கள். பிள்ளைகள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். குசினிச் சுவரோரம் என் பேரன் நின்றான். உம்மா தற்செயலாக வெளியே வந்து, "சாப்பிட வா" என்று அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். இயந்திரம் உறுமியது. கயிறு இழுபட்டு மெலிந்தது. பிறகு வெடி போல ஒரு சத்தம். அறுந்த கயிற்றின் நுனி பறந்து வந்து, பேரன் நின்ற இடத்துக்கு மேலிருந்த தகரத்தைக் கிழித்தது.

எவரும் பேசவில்லை. தம்பி அந்தத் தகரத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நைலோன் கயிறு இறப்பர் போல இழுபடும். இழுபடும்போது அதில் சேரும் விசையெல்லாம் அறுந்த கணத்தில் திரும்பி வரும். உழவு இயந்திரத்திலும் இன்னோர் ஆபத்து இருக்கிறது. பின்னால் கீழே உள்ள இழுவைக் கட்டையில் அல்லாமல் அதற்கு மேலே எங்கேனும் கயிற்றைக் கட்டி இழுத்தால், குற்றி அசையாதபோது இயந்திரத்தின் முன்சில்லுகள் மேலெழும்பி, அது ஓட்டுபவர் மேலேயே பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். வேர்களை வெட்டாமல் எந்த இயந்திரத்தாலும் இழுக்க வேண்டாம். வெட்டிய பின்னர் இழுப்பதாயினும் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, கயிற்றின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெக்கோ இயந்திரம் அரை மணித்தியாலத்தில் எடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது உள்ளே வருவதற்குப் பாதை வேண்டும். அதன் பாரத்தை மலசலகூடக் குழியின் மூடி தாங்காது. எங்கள் ஒழுங்கைக்குள் அது வரவே முடியவில்லை.

நாங்கள் தோண்டிய விதம்

கடைசியில், கூலி வேலை செய்யும் வயதான காக்கா ஒருவர் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். குற்றியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, குத்தியோட மல்லுக்கட்டினா நாமதான் களைப்போம். வேரோட மல்லுக்கட்டணும். வேர் ஒவ்வொன்றாத்தான் வரும். நாமளும் ஒவ்வொன்றாத்தான் போகணும்."

நாலு நாட்கள் எடுத்தது. அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

குற்றியிலிருந்து மூன்று அடி தள்ளிச் சுற்றிவர அகழி வெட்டினார். மணல் சரியாமல் இருக்க அகழியின் வெளிப்பக்கத்தைச் சரிவாக விட்டார். எங்கள் பகுதியில் மாரியில் தோண்டினால் குழியில் நீர் ஊறும். பெப்ரவரி, மார்ச்சில் நீர்மட்டம் இறங்கிய பின்னர் தொடங்கியதும் நல்லதாயிற்று. களிமண் நிலத்தில் உள்ளவர்கள் இதற்கு மாறாக, நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாட்களின் பின் தொடங்கலாம். மண் இளகியிருக்கும்.

வேர் தெரிந்ததும் அவர் கோடரியை எடுக்கவில்லை. "வாளியில தண்ணி கொண்டாங்க" என்றார். வேரைக் கழுவி மணலைப் போக்கிய பின்னரே வெட்டினார். மணலில் பட்ட கோடரி பத்து வெட்டில் மழுங்கிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஒவ்வொரு வேரையும் இரண்டு இடத்தில் வெட்டினார். முதலில் வெளிப்பக்கம், பிறகு குற்றியோடு ஒட்டிய பக்கம். நடுத் துண்டை எடுத்து வெளியே போட்டார். அப்போதுதான் அடுத்த வேருக்கு இடம் கிடைக்கும். மெல்லிய வேர்கள் முதலிலும் பருத்தவை பின்னரும் வெட்டப்பட்டன. கோடரி ஓங்கும்போது குழிக்குள் இன்னொருவர் நிற்க அவர் விடவில்லை. புதிதாக வெட்டிய மாமரத்தின் பால் சிலருக்குத் தோலில் எரிவும் கொப்புளமும் தரும். ஆகவே கைகளைத் துணியால் சுற்றிக்கொண்டார்.

வேலை முடியும் ஒவ்வொரு நாளும் குழிக்கு மேல் பழைய கதவையும் தகரத்தையும் போட்டு, சுற்றிவரக் கம்பு நட்டுக் கயிறு கட்டினோம். இரவில் திறந்து கிடக்கும் குழி, குற்றியை விடப் பெரிய ஆபத்து.

நாலாம் நாள் ஆணிவேர் மட்டும் மிஞ்சியது. ஒரு பக்கம் அடியில் குடைந்து, அலவாங்கைக் கொடுத்து நெம்பிச் சாய்த்து, மூன்றடி ஆழத்தில் ஆணிவேரை வாளால் அறுத்தார். அதற்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டோம். ஆனால் அந்த இடத்தைக் கம்பு நட்டு அடையாளப்படுத்தி மேசனிடம் காட்டினோம். அவர் அந்த இடத்தில் அத்திவாரத்தை அகலமாக்கிக் கம்பி வைத்துக் கொங்கிறீட் போட்டார். மேசனுக்குச் சொல்லாமல் மறைத்தால் ராத்தா வீட்டுக் கதைதான்.

குழியை ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். அரை அடிக்கு ஒரு தடவை மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கி, பிறகு அடுத்த அரை அடி. வெட்டிய மரத் துண்டுகளையும் சிராய்களையும் குழிக்குள் தள்ளிவிட்டு மூட வேண்டாம். அவை உக்கும்போது நிலம் மறுபடியும் அமரும். வெறும் முற்றமாயின், மேலே நாலு அங்குலம் குவியலாக விட்டு ஒரு மாரியைக் கடக்க விடுங்கள். தானாகவே மட்டமாகிவிடும்.

உக்க விடுவதாயின்

கட்டடம் வராத இடத்தில் பொறுமைதான் மலிவான கூலியாள். மரத்தை உக்க வைப்பது காளான் வகைப் பூஞ்சணங்கள். அவற்றுக்கு ஈரமும் காற்றும் கொஞ்சம் தழைச்சத்தும் வேண்டும். குற்றியை இயன்றவரை தாழ்வாக வெட்டி, மேலே ஒரு அங்குலத் துளைகளை நெருக்கமாகவும் ஆழமாகவும் போட்டு, அவற்றில் உக்கிய மாட்டெருவையும் மண்ணையும் நிரப்பி, மேலே அரை அடி மண்ணால் மூடிவிடுங்கள். கோடையில் இடையிடையே நனைத்துக்கொண்டிருங்கள். மாமரமாயின் சில வருடங்களில் அலவாங்கால் குத்தினாலே உடையும். வேம்பு, புளி போன்ற வைரம் பாய்ந்த மரங்கள் பத்து வருடங்களும் நிற்கக்கூடும். ஆனால் தென்னங்குற்றிக்கு மாட்டெருப் போட வேண்டாம். எருக்கும்பியிலும் கருவண்டு முட்டையிடும்.

துளை போட்டு மூடாமல் விடுவதுதான் பெரும் பிழை. மழைநீர் தேங்கும் ஒரு பொந்து போதும். ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்கும். 2017இல் நம் நாட்டில் டெங்கு நோயாளர் தொகை 1 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியதை மறந்துவிடக் கூடாது. நாம் சிரட்டையையும் ரயரையும் தேடித் தேடிக் கவிழ்க்கிறோம். குற்றியின் பொந்தை எட்டிப் பார்ப்பதில்லை. அதை மணலால் நிரப்பிவிட ஐந்து நிமிடம் போதும்.

தறிக்கும் முன்னர்

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றையும் நமது சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. முதலில் கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பல மரங்களை வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவை என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மரம் எல்லையில் நின்றால் பக்கத்து வீட்டாருடன் முன்கூட்டியே கதையுங்கள். மரத்தின் வேர் வேலியை அறிவதில்லை. அதனால் வரும் மனக்கசப்பு குற்றியை விட நீண்ட காலம் நிற்கும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் வேப்பங்குற்றி இருக்கும் இடத்தில் எதையும் கட்டப்போவதாக நீங்கள் எழுதவில்லை. அவ்வாறாயின் ஒரு கூலியாளைப் பிடித்து, சுற்றிவர ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை அகற்றி, குற்றியையும் மேலே தெரியும் வேர்களையும் நிலமட்டத்துக்குக் கீழே அறுத்துவிடுங்கள். துளைகள் போட்டு எருவும் மண்ணும் இட்டு மூடுங்கள். துளிர் வந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கொண்டே கிள்ளிவிடச் செய்யுங்கள். அடுத்த நாளிலிருந்து எவரும் அதில் தடுக்கி விழ மாட்டார்கள். மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு மிக அருகில் இருந்தால் மட்டும் கறையான் புற்று எழும்புகிறதா என்று சுவரோரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகனின் பல்லை ஒரு பல் வைத்தியரிடம் காட்டவும் மறக்க வேண்டாம்.

எங்கள் மாமரம் நின்ற இடத்தில் இப்போது மகளின் அறைகள் இருக்கின்றன. குற்றியை வெளியே எடுத்த அன்று உம்மா ராத்தா வீட்டுக்குப் போகவில்லை. கதிரையைப் போட்டுக்கொண்டு நாலு நாளும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் காக்காவிடம், "இதில ஒரு வட்டம் அறுத்துத் தாங்க மகன்" என்று கேட்டார். அவர் பொந்து விழாத ஓரத்தில் ஒரு தடித்த துண்டை அறுத்துக் கொடுத்தார். இன்று அது எங்கள் குசினியில் மீன் வெட்டும் கட்டை.

போன மாரியில் உம்மா வளவின் மறு மூலையில், சுவரிலிருந்து இருபது அடி அளந்து, ஒரு மாங்கன்று நடுவித்தார். "இன்னும் நாற்பது வருசத்துக்குப் பிறகு தறிக்கிறவங்களுக்குக் கஷ்டமில்லாம இருக்கட்டும்" என்றார்.